ஒரு ஆள் நிற்கிற மேடு

சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிழைக்கிறவனுக்குத் தன் கைவேலையை மறுநாள் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. காலையில் போடுவான், சாயங்காலம் நாற்பது கால்கள் அதை மிதித்துத் துடைத்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்திலோ காலேஜிலோ மைதானம் பார்த்து முதுகு வளைந்த என் சக பாவிகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

நான் கோடு போடுகிற மார்க்கராக இருந்தது தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில், பாதிரிமார் நடத்திய ஒரு வாத்தியார் டிரெயினிங் பள்ளியில். யுத்தத்துக்கு முன்னாலும் இருந்தேன், பின்னாலும் இருந்தேன். மற்ற பள்ளிக்கூடங்களில் கால்பந்து ஆடினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பேஸ்பால். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு ஆட்டம் அது. நாலு மூலை, நடுவில் ஒரு மண்மேடு. மேட்டில் நின்று ஒருவன் பந்தை எறிவான். எதிரில் நிற்பவன் கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடிவருவான். ஊர் அதற்குப் பாதிரிப் பந்து என்று பேர் வைத்திருந்தது. அந்த ஆட்டம் நின்றுபோய், பிறகு அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கமிட்டி கூடியது வரைக்கும் நான் கூடவே இருந்தவன். நான் புளுகன் என்று பேர் எடுத்தவனும்கூட. இதில் ஒன்றிரண்டு இடத்தில் நாக்கு நீண்டிருக்கும். எந்த இடம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மண் சுமந்த நாள்

அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரியார் பனைமரத்தில் பாதி உயரம். வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவராகையால், தண்ணீர் கேட்டால்கூடப் பிரசங்கம் செய்கிற மாதிரி இருக்கும். மைதானத்துக்கு நடுவில் மேடு வேண்டும் என்றார். சாதாரண மண்ணில் போட்டால் எறிகிறவன் கால் ஊன்றியதும் சரிந்துவிடுகிறது. கண்மாய்க் கரம்பை மண் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டி, மறுபடி போட்டோம். மூன்று நாள் வேலை.

நாலைந்து பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு மேடு ஏறியது. பாதிரியார் சுற்றிச்சுற்றி வந்து இன்னும், இன்னும் என்றார். கூடையை இறக்கி வைத்த ஒரு பெண், தலைச் சும்மாட்டை உதறிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "ஏலே, இம்புட்டு மண்ணும் ஒரு ஆளு நிக்கிறதுக்கா?"

இரண்டாவது மூலையை மாடு தின்றது

மூலைக்கு மூலை மெத்தை மாதிரி ஒரு சின்னச் சாக்கு கிடக்க வேண்டும். ஓடிவருகிறவன் அதில் கால் வைத்தால் தப்பித்தான். மணல் அடைத்தால் கால் பிசகுகிறது, வைக்கோல் அடைத்தால் பறக்கிறது. நான் யோசித்துப் பருத்திக்கொட்டை அடைத்தேன். கனமும் உண்டு, மிதித்தால் கொஞ்சம் அமுங்கவும் செய்யும். பாதிரியார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு பெரிய ஆட்டத்தன்று, ரோட்டோரம் வண்டி அவிழ்த்துப் போட்டிருந்த பருத்தி வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே காளைகளும் வந்தன. பந்து எங்கேயோ பறக்கிறது, ஜனங்கள் எல்லாம் வானத்தைப் பார்க்கிறார்கள். ஓடிவந்த பையன் இரண்டாவது மூலைக்கு வந்து பார்த்தால் மூலையைக் காணோம். ஒரு மயிலைக்காளை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. பையன் என்ன செய்வான்? காளையின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, தான் மூலையைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சாதித்தான். பாதிரியார் தன் விதிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தொப்பியைக் கழற்றிச் சொன்னார்: "இக்காரியத்தைக் குறித்து யாதொன்றும் எழுதப்படவில்லை."

முத்தையா கை

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சோளக்காட்டில் பரண்மேல் நின்று கிளி விரட்டிக்கொண்டிருந்தவன் முத்தையா. குச்சனூர்க்காரன். தகப்பன் கிடையாது, ஆத்தா மட்டும்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தான். அவன் கல்லெறிவதைப் பாதிரியார் வேலி ஓரம் நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். கிளியின் மேல் கல் படாது. கிளி உட்கார்ந்த கதிருக்கு அடுத்த கதிரில் படும். கிளி பறக்கும், கதிர் உதிராது. மறுவாரம் முத்தையா டிரெயினிங்கில் சேர்ந்தான், பாதிரியார் பொறுப்பில். இரண்டு வருஷம் முடித்தால் வாத்தியார்.

அவன் மேட்டில் ஏறி நின்றால் எதிரில் கட்டை பிடிக்கிறவன் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வான். ஒருதரம் கோபத்தில் எறிந்த பந்து பிடிக்கிறவனையும் தாண்டி, வேலியையும் தாண்டி மலைப்பக்கம் போய்விட்டது. மறுநாள் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் இறங்கி, ஆற்றுத் தண்ணீரோடு மிதந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. நான்தான் வலை போட்டு எடுத்தேன். இதை முத்தையாவிடமே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பந்தை வாங்கி வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, எம்புட்டுத் தூரம் போனாலும் திரும்பி வந்துருமா?"

நின்றது

யுத்தம் வந்தது. கையுறையும் பந்தும் கப்பலில் வரவேண்டியவை, கப்பல் வரவில்லை. பிறகு பாதிரியாரையே அவர் ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகிற அன்று காலையில் என்னை மைதானத்துக்கு அழைத்துப்போய் மேட்டின் மேல் கை வைத்துச் சொன்னார்: "கோடுகள் ஒழிந்துபோகும். நீர் இதை மாத்திரம் காத்துக்கொள்ளும்."

அவர் போனதும் ஆட்டம் போயிற்று, முத்தையாவுக்கு டிரெயினிங்கில் இருந்த இடமும் போயிற்று. வாத்தியார் ஆக இன்னும் ஏழு மாதம் பாக்கி. மறுபடி பரண் ஏறக் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டான். தேனியில், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றிவிட நானும் அவன் ஆத்தா ஒச்சம்மாவும் போனோம். பின்னால் கரி அடுப்பைக் கிளறி பஸ் கிளம்ப அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியும் ஒச்சம்மா ஜன்னல் கம்பியை விடவில்லை. அவன் சொன்னது எனக்கும் கேட்டது: "ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கட்டும் ஆத்தா, நான் எங்கன இருந்தாலும் வந்துருவேன்."

யானை மிதித்த துரை

பர்மா அரிசி நின்றுபோனது. வெறும் நிலம் எதுவும் கிடக்கக்கூடாது, தானியம் போடு என்று உத்தரவு. எங்கள் மைதானத்தையும் உழுது சோளம் போட முடிவாயிற்று. ஏர் பூட்டி வந்தவர் கருப்பணன். கோடுகளை உழுதார், மூலைகளை உழுதார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏர் மேட்டுக்கு நேராகத் திரும்பியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஏருக்குக் குறுக்கே வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. அதுக்குக் கீழ ஒரு துரை தூங்குறாக" என்றேன்.

"துரையா? சமாதின்னா நீளமாவுல இருக்கும். இது தோசைக்கல்லு மாதிரி வட்டமா இருக்கு?"

"யானை மிதிச்சுச் செத்த துரை. ஆளு தட்டையாப் போனதால பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டி வச்சிருக்காக. அதான் வட்டம்."

கருப்பணன் மாட்டை நிறுத்தினார். துண்டை இடுப்பில் கட்டினார். மேட்டைச் சுற்றி ஒரு முழம் விட்டு உழுதுவிட்டுப் போனார். மறுநாள் அங்கே துரைக்குப் படைத்த இரண்டு சுருட்டு இருந்தது. அதை யார் குடித்தது என்று கேட்காதீர்கள், மூன்றாம் நாள் கருப்பணனே வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கச் சொன்னார்: "துரை ஏத்துக்கிட்டாகய்யா!"

காகிதம்

பட்டாளத்திலிருந்து ஒச்சம்மாவுக்கு ஒரு காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவந்தாள். குமாஸ்தா படித்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் சோளத்தட்டையைப் பார்த்தேன். முத்தையாவைக் காணவில்லை என்று இருந்தது. எந்த ஊரில், எந்தக் காட்டில் என்று ஒன்றும் இல்லை.

அவள் அழவில்லை. காகிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். "காணோம்னுதான எழுதிருக்காக? வேற ஒண்ணும் எழுதலைல?"

அந்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் ஆரம்பித்தது. சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலில் எள் விளக்குப் போடுவாள். அங்கிருந்து வாய்க்கால் கரையோரமாகவே நடந்து வந்து எங்கள் மேட்டிலும் ஒரு விளக்கு வைப்பாள். என் பொய்யை அவளும் நம்பிவிட்டாள், பிள்ளையைத் தேடித்தரச் சொல்லித் துரையிடம் வேண்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்ல நாலைந்து சனிக்கிழமை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தரமும் அவளே முந்திக்கொண்டு கேட்டுவிடுவாள்: "ஆட்டம் எப்ப வருதாம்?"

கமிட்டி

யுத்தம் முடிந்து, ஒரு புதுப் பாதிரியார் வந்தார். இளம் வயசு. பெட்டியில் கையுறையும் பந்துமாகக் கொண்டுவந்திருந்தார். பேஸ்பாலைத் திரும்பக் கொண்டுவருவதா வேண்டாமா என்று கமிட்டி கூடியது. நான் வாசற்கதவை ஒட்டி நின்றேன். குமாஸ்தா உட்பட உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஆட்டம் நின்ற பிறகு வந்தவர்கள், அந்த மேட்டில் ஒருவன் நின்று பந்து எறிந்ததைப் பார்த்ததில்லை. டிரில் மாஸ்டருக்கு இஷ்டமில்லை. இந்த ஜில்லாவில் வேறு யாரும் ஆடாத ஆட்டத்தை யாரோடு ஆடுவது, கால்பந்தென்றால் ஊர்ஊராகப் போகலாம் என்றார். அதில் நியாயம் உண்டு. தலைமை ஆசிரியர், பழைய மாணவர்கள் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்தார். அந்த ஆட்டத்தில்தான் எல்லா ஜாதிப் பையன்களும் ஒரே பந்தைத் தொட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். புதுப் பாதிரியார் முகம் மலர்ந்தது. மூன்று பேர் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். 

அப்போது குமாஸ்தா எழுந்து, மைதானத்து நடுவில் ஒரு வெள்ளைக்காரர் சமாதி இருக்கிறதே, அதை என்ன செய்வது என்றார்.

புதுப் பாதிரியார் எழுந்து நின்றுவிட்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "அய்யா, அது சமாதியில்லை. பந்து எறிகிற மேடு. உழாம இருக்க நான் சொன்ன பொய்" என்றேன்.

டிரில் மாஸ்டர் சிரித்தார். "பந்து ஆத்துல மிதந்து வந்துச்சின்னு சொன்னதும் நீதான?"

"அது பொய். இது மெய்."

குமாஸ்தா சொன்னார், வாராவாரம் ஒரு அம்மாள் நாலு மைல் நடந்து வந்து விளக்கு வைப்பதைத் தன் கண்ணால் பார்ப்பதாக. தோண்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். கல்லறையைத் தோண்டச் சொல்கிறானே என்று புதுப் பாதிரியார் அரண்டுபோனார். மைதானத்தின் மறுகோடியில் கால்பந்து ஆடிக்கொள்வது, மேட்டைச் சுற்றி வேலி போடுவது, கையுறைகளைத் திருப்பி அனுப்புவது என்று முடிவாயிற்று. வெளியே வந்தபோது டிரில் மாஸ்டர் என் தோளில் தட்டினார்: "வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை உனக்குத்தான்யா."

குச்சனூரில்

நேரே குச்சனூருக்குப் போனேன். ஒச்சம்மா வாசலில் எள் புடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் வரப்போவதில்லை என்று சொன்னேன். துரை, யானை, சுருட்டு எல்லாம் என் பொய் என்று சொன்னேன். அந்தப் பொய்தான் ஆட்டத்தைக் கொன்றது என்றும் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். "அந்த மேட்டுக்கு மண்ணு சுமந்தவளே நான்தானடா. இம்புட்டு மண்ணும் ஒரு ஆளு நிக்கிறதுக்கான்னு உன்னையத்தான கேட்டேன். அப்பத் தெரியுமா, நிக்கப்போறவன் எம்மகன்னு?"

எனக்குச் சும்மாட்டை உதறிய அந்தக் கை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பின்ன எதுக்கு ஆத்தா வாராவாரம் விளக்கு வச்ச?"

"நீ ஒரு தரம் சொல்லிட்டுப் போயிட்ட. வருசா வருசம் உழ வருவாகல்ல? விளக்கு எரிஞ்சாத்தான நம்புவாக. வந்தான்னா நிக்க இடம் வேணாமா?"

என் பொய்க்கு அவள் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து மேட்டைக் காப்பாற்றிவிட்டோம். அவள் புடைப்பதை நிறுத்திவிட்டு, எள்ளில் விரலால் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பாதிரி போய் வேறு பாதிரி வருவார், அடுத்த வருஷம் ஆட்டம் கட்டாயம் திரும்ப வந்துவிடும் என்று சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "புளுகுறடா. இருந்தாலும் இன்னொருக்கச் சொல்லு."

முப்பது வருஷம் நான் நேராகப் போட்ட கோடுகளில் ஒன்றுகூட ஒரு மழைக்குத் தாங்கவில்லை, கோணலாகச் சொன்ன ஒரு பொய்தான் வேலியும் விளக்குமாக இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது.