ரொறொன்ரோவில் இருந்து திருத்துகிறவன்

வெள்ளவத்தையில் பழைய கொம்பியூட்டர் திருத்திப் பிழைக்கிறவன் வைரஸைக்கூடச் சமாளித்துவிடலாம், வாடிக்கையாளரின் வெளிநாட்டு மகனைச் சமாளிக்க முடியாது. என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொறாமையில் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், ஓம், பொறாமைதான்.

ஓர் உறையில் இரண்டு கத்தி

ராஜேஸ்வரி அன்ரி ஓய்வுபெற்ற ரீச்சர். கடற்கரைப் பக்கத்து பிளட்ஸ் ஒன்றில் தனியாக இருக்கிறார். அந்தக் கட்டடத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மீன்காரரில் இருந்து பல் வைத்தியர் வரைக்கும் அவர் கைகாட்டும் ஆளிடம்தான் எல்லா வீட்டாரும் போவார்கள். "இந்தத் தம்பி நல்லாத் திருத்துவார்" என்று அவர் வாயால் ஒரு சொல் வந்துவிட்டால் என் பாடு பரவாயில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் படியேறினேன்.

அவருடைய மெஷினை ஒன் பண்ணிவிட்டுக் குசினிக்குப் போய்ப் புட்டு அவித்துக்கொண்டு வரலாம். அப்போதும் அது திறந்திருக்காது. பார்த்தால், தொடங்கும்போதே வைரஸை மறிக்கிற காவல் புரோகிராம், அதுதான் வைரஸ் கார்ட், இரண்டு ஒன்றாக எழும்பி, ஒன்றை ஒன்று கள்ளன் என்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று முதலே இருந்தது. மற்றது அவருடைய மகன் சுதன், ரொறொன்ரோவில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக இந்த மெஷினுக்குள் புகுந்து போட்டது. அதைக் கழற்றினேன். மெஷின் பட்டென்று திறந்தது.

அந்த நேரம் பார்த்து சுதனின் வீடியோ கோல். அன்ரி போனைத் திருப்பி மெஷினின் திரையை அவனுக்குக் காட்டினார். "நேற்று நான் உள்ள வந்து கொஞ்சம் கிளீன் பண்ணினனான் அம்மா" என்றான் அவன். அன்ரி என்னிடம் திரும்பி, "பாத்தீங்களே தம்பி, அவன் அங்க இருந்தே திருத்திப்போட்டான். நீங்க பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு மருமகன்

சரி, வேறு இடம் பார்ப்போம் என்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பிரான்சிஸ் அண்ணை அங்கே கல்யாணக் கார்ட் அடிக்கிறவர். மாப்பிள்ளை பொம்பிளை படத்தைக் கார்டில் வைத்தவுடன் மெமரி போதாது என்று மெஷின் படுத்துவிடுகிறது. இருப்பதே கொஞ்ச மெமரி. அதிலும் பெரிய பங்கைத் திரைக்குப் படம் அனுப்புகிற பகுதி தொடக்கத்திலேயே தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது. மெஷினை நிறுத்தி, விண்டோஸ் வருவதற்கு முன்னால் உள்ளே போய், அந்தப் பங்கைக் குறைத்துவிட்டுத் திரும்பத் தொடக்கினேன். கல்யாணக் கார்ட் சிணுங்காமல் திறந்தது.

ஒரு நல்ல சொல்லுக்காகக் கொஞ்சம் நின்றேன். அண்ணையோ போனை எடுத்து, டோகாவில் இருக்கும் மருமகனுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பத் தொடங்கினார்: "மருமகன், நீங்க சொன்னது சரிதான். தம்பி ஓஃப் பண்ணி ஒன் பண்ணினார், இப்ப வேலை செய்யுது."

கொஞ்சம் பிழை இருக்கட்டும்

மழைக்காலம் தொடங்கின பிறகு அன்ரி திரும்பக் கூப்பிட்டார். மெஷின் பழையபடி படுத்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். சுதன் தன் வைரஸ் கார்டை மறுபடியும் போட்டிருந்தான். அது போதாதென்று, ஒன் பண்ணும்போதெல்லாம் படங்களை ரொறொன்ரோவுக்குப் பிரதி எடுக்கிற புரோகிராம் ஒன்றும் கூடவே எழும்பியது.

இந்த முறை விடுவதில்லை என்று இருந்தேன். இரண்டையும் கழற்றினேன். அவன் உள்ளே வருகிற வழியையும் அடைத்தேன். இனி மெஷின் ஓடினால் அது என்னால் மட்டும்தான். "அன்ரி, இனிமேல் சுதனுக்கு ஒரு கரைச்சலும் இல்ல. அவர் உள்ள வரவே தேவையில்ல" என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்ரியின் முகம் வாடிவிட்டது. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போன முறை திருத்தினது நீங்கதான் எண்டு எனக்குத் தெரியும், தம்பி. அதுக்குப் பிறகு மெஷின் நல்லாத்தான் ஓடினது. ஓடின நாளெல்லாம் அவன் ஒரு கோல் எடுக்கேல்ல. முழுசாத் திருத்தாதையுங்கோ, கொஞ்சம் பிழை இருக்கட்டும்."

அடைத்த வழியைத் திறந்து, கழற்றின வைரஸ் கார்டையும் என் கையாலேயே திரும்பப் போட்டுவிட்டு வந்த எனக்கு இன்னும் பொறாமை ஆறவில்லை, ஏனென்றால் நான் பார்த்துப் பார்த்து வைத்த அந்தப் பிழையை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரொறொன்ரோவில் இருந்து ஒருத்தன் திருத்தி நல்ல பேர் எடுத்துவிட்டான்.