தூளி வரை வந்த முல்லை

நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. 1957இல் விராலிமலையில் காத்தாயிக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

புருஷன் நல்லதம்பி லாரி டிரைவர், வீடு தங்குவதே அபூர்வம். கைக்குழந்தையோடு அவள் புதிதாகக் குடிவந்த வீட்டின் கொல்லையில் ஒரு முல்லைக்கொடி காய்ந்து கிடந்தது. காத்தாயிக்குப் பூ என்றால் உயிர். பட்டதை வெட்டினாள், எரு போட்டாள். குழந்தை குடித்தது போக மார்பில் கட்டிய பாலையும் அதன் தூரில்தான் பீய்ச்சினாள். தாய்ப்பால் காலில் மிதிபடக் கூடாதே.

கொடி தளதளவென்று வந்தது. கொல்லையெல்லாம் வாசனை. ஆனால் அவளுக்குப் பால் வற்றியது. குழந்தை எலும்பும் தோலுமாகிவிட்டது. 

ஒருநாள் உச்சி வெயிலில் பார்த்தாள். ஒரு கிளையை வளைத்து, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்திருந்தது. புதுச்செடி எடுக்கப் பதியன் போடுவது அப்படித்தான். ஆனால் போட்டது யார்?

பக்கத்து வீட்டு அமராவதியைக் கேட்டாள்.

“பதியன் போட்டீங்களாக்கா?”

“நான் அங்கிட்டு வாரதே இல்ல.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் இன்னொரு பதியன், வீட்டுப் பக்கமாக. அதற்கு மறுநாள் கொல்லைக் கதவோரம்... கல் ஈரமாக இருந்தது. முகர்ந்தாள். பால் வாடை.

அரிவாளை எடுத்துக் கொடியைத் தூரோடு வெட்டி எறிந்தாள். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அடுத்த நாள் உச்சிப்பொழுது. அடுப்படியில் இருந்தாள்.

சப்... சப்... சப்...

குழந்தை பால் குடிக்கும் சத்தம்.

ஓடினாள். தூளியில் குழந்தை தூங்கியது. வாய் மூடியிருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

தூளிக்கு நேர் கீழே, மண்தரையில்...

ஒரு முல்லைக் கிளை. மேலே கல்.

காத்தாயி குனிந்து தன்னைப் பார்த்தாள்.

வற்றிய மார்பு சுரந்து, ரவிக்கை நனைந்திருந்தது.

குழந்தையை வாரிக்கொண்டு குடுமியான்மலைத் தாய்வீட்டுக்கு ஓடியவள்தான். அங்கே பால் ஊறியது, குழந்தை தேறியது.

தைப்பூசக் கூட்டத்தில் அமராவதியைப் பார்த்தாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, கொழுகொழுவென்று. காத்தாயி நடந்ததைச் சொன்னதும் அமராவதி வாய் திறந்தாள்.

“அந்த வீட்டுல முன்னாடி அழகின்னு ஒருத்தி இருந்தா. பாலில்லாம அவ புள்ள செத்துச்சு. அந்தக் கொடிக்கடியிலதான் பொதைச்சாங்க.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா?”

அமராவதி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“நீ குடிவர்ற வரைக்கும், அந்தச் சத்தம் எங்க வீட்டுலதான் கேட்டுச்சு.”