பார்த்தால் ஒளிந்துகொள்ளும் பிழை

பெயர் கேட்டால் பதில் வருவதற்குள் ஆசிரியை அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். அப்படி வளர்ந்தவள் பட்டப்படிப்பை முடித்தாள். வாய்மொழித் தேர்வில் பதில்களைப் பலகையில் எழுதிக்காட்ட அனுமதி வாங்கினாள். போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டும் சளைக்காமல், மருத்துவக் கருவி செய்யும் நிறுவனமொன்றில் சேர்ந்தாள். மற்றவர்கள் கைவிட்ட ஒரு பிழையைப் பிடித்தாள். என் தங்கை ஜெயித்தவை இவை. கடைசியாகச் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவள். அதனால் ஒவ்வொரு வரியையும் அவளிடம் படித்துக்காட்டித் திருத்திக்கொண்டேன்.

அவளுக்குத் திக்குவாய். அதிலும் சொந்தப் பெயர் லேசில் வாயில் வராது. தந்திக் கருவி தட்டுவது போல விட்டுவிட்டுப் பேசுகிறாள் என்று வகுப்பில் வைத்த பட்டப்பெயர் தந்தி. அது மட்டும் தடங்கலில்லாமல் வந்ததால் அவளே அதை வைத்துக்கொண்டாள்.

நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் புதுக் கருவி ஒன்றில் வந்த பிழை அது. சோதனை மேசையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவி திடீரென்று உறைந்துவிடும். பொத்தானை அழுத்தினாலும் அசையாது. கருவிக்குள் ஓடும் கணினி நிரல்களுக்கெல்லாம் அடியில் இருந்துகொண்டு, எதற்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். மேலே ஒரு நிரல் செயலிழந்து விழுந்தால் கெர்னல் சொல்லும். கெர்னலே விழுந்தால் சொல்ல ஆளில்லை.

வழக்கமான வைத்தியம், கெர்னலுக்குள் அங்கங்கே ஒரு வரி சேர்ப்பது. "இங்கே வந்தேன்", "இதைத் தாண்டினேன்" என்று அது திரையில் எழுதிக்கொண்டே போகும். கடைசியாக எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் பிழை இருக்கும். ஆனால் அந்த வரிகளைச் சேர்த்ததும் கருவி உறைவதே நின்றுபோனது. எடுத்தால் மறுபடி உறைந்தது.

கூட்டத்தில் இதைக் கேட்டதும் மேலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "வரி இருந்தா ஓடுதுல்ல? அப்ப வரியோடவே அனுப்பிடலாம்."

தந்தி எழுந்தாள். வார்த்தை வரவில்லை. மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போகுமுன் பலகையில் எழுதினாள்: "பிழை போகவில்லை. ஒளிந்திருக்கிறது. மருத்துவமனையில் வெளியே வரும்."

மேலாளர் பலகையை இரண்டு முறை படித்தார். "சரிம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள கிடைக்கலன்னா வரியோட போகும். உங்க வேலைய நிரந்தரம் பண்றதையும் அன்னைக்கே பேசிக்கலாம்."

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது அவள் முகம் வாடவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

"என்னடி, வேலை போற மாதிரி இருக்கு, நீ பாட்டுக்குச் சாப்பிடுற?"

"எனக்குத் தெரிஞ்ச வியாதிதான்க்கா, தலைகீழா வந்திருக்கு. யாராவது பார்த்தா எனக்குத் திக்கும். யாராவது பார்த்தா அதுக்குத் திக்காது."

"அப்ப எப்படிப் பிடிப்ப?"

"நான் தனியா பேசும்போது நீ கதவுக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக்கேட்பியே, அந்த மாதிரி."

எனக்குப் புரையேறிவிட்டது. "அது உனக்குத் தெரியுமா?"

"கதவுக்கு அடியில உன் கால் தெரியும்க்கா."

அவள் செய்தது இதுதான். திரையில் எழுதுவது மெதுவான வேலை. அந்தச் சின்னத் தாமதமே பிழையை மறைத்தது. எனவே வரிகளை எடுத்துவிட்டு, நினைவகத்தின் ஒரு மூலையில் கெர்னல் சின்னக் குறிப்புகளை மட்டும் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டே போகும்படி செய்தாள். அதில் தாமதம் இல்லாத மாதிரிதான். கருவி உறைந்ததும் நினைவகம் முழுவதையும் பிரதி எடுத்து, சாவகாசமாகப் படிக்கலாம்.

வியாழக்கிழமை மதியம் கருவி உறைந்தது. அவள் கைதட்டினாள். அடுத்த மேசைக்காரர், "உறைஞ்சதுக்குக் கைதட்டுற முதல் ஆளு நீங்கதான்" என்றாராம்.

பிரதியில் விஷயம் இருந்தது. கெர்னலுக்குள் நடக்கும் ஒரு வேலை தன் பங்கை முடித்து, நினைவகத் துண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது. இன்னொரு வேலை அதே துண்டில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. காலி செய்த வீட்டில் பழைய குடித்தனக்காரர் ஆணி அடிக்கிற கதை. இரண்டாவது முடியும்வரை முதலாவது காத்திருக்க வேண்டும். அதற்கு மூன்று வரி போதுமானதாக இருந்தது.

அவற்றைச் சேர்த்தபின் வெள்ளிக்கிழமை வரை கருவி உறையவில்லை. மேலாளர் வந்து நின்றார். "திரையில எழுதுற வரி ஒண்ணுகூட இல்லையே?"

"இ... இல்ல சார்."

வேலை நிரந்தரமானது. பிழை இருந்தது நிறுவனம் எழுதிய பகுதியில் அல்ல. உலகத்தில் பலரும் பொதுவில் பயன்படுத்தும் கெர்னலில். திருத்தத்தை அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர், இதற்கு நான் பொறுப்பு என்று கீழே பெயர் போட வேண்டும். குழுவின் பெயரைப் போடலாமா என்று மேலாளர் கேட்டார். செல்லாது, ஒரு ஆளின் பெயர்தான் வேண்டும் என்றாள். பட்டப்பெயரும் செல்லாது.

தந்தி என்று அழைக்கப்பட்டவள் தன் முழுப்பெயரை, தான் செய்த வேலைக்குக் கீழே முதன்முதலாகக் கையொப்பமாக இட்டது 2019 நவம்பர் 8.