இரண்டாக வெட்டிய தகடு

2024 பெப்ரவரி 8, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். தேநீர் குடித்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் உறையை எடுத்து மடித்து வைத்தேன். வியாழக்கிழமை என்பதால் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். எட்டரைக்குள் இரண்டு சேலை பிளவுஸ்களுக்குக் கொக்கி வைத்து முடித்தேன்.

லண்டனில், ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தையல் அறை. வருகிற ஒவ்வொரு உடுப்புக்கும் ஓர் எண் கொடுப்பேன். அதில் என்ன செய்தேன் என்பதைக் கொப்பியில் எழுதுவேன். வெட்டி எடுத்த எதையும் உடனே எறிவதில்லை. அந்த எண்ணை எழுதிய கடித உறைக்குள் போட்டு ஒரு மாதம் வைத்திருப்பேன். பிறகு வந்து மிச்சத் துணி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அன்று மேசையில் கிடந்தது நாற்பத்தோராம் எண். பனிச்சறுக்குக்குப் போடுகிற ஜக்கெட். உடம்பு கடும் இளஞ்சிவப்பு, கைகள் எலுமிச்சை மஞ்சள். விளக்குப் போடாமலே அறைக்குள் அது தனியாகத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பிள்ளையுடையது. அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு செய்தபோது அவளுக்கு முதல் பிளவுஸ் தைத்துக் கொடுத்தவள் நான். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, வங்கியில் வேலை. மறுநாள் பின்னேரம் வேலையிடத்து நண்பர்களோடு அல்ப்ஸ் மலைக்குப் பறக்கப் போகிறாள். அதுதான் அவளுக்கு முதல் தடவை. யாரோ போட்டுவிட்டு விற்ற ஜக்கெட்டை இணையத்தில் வாங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு என் கண்ணாடிக்கு முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

“நிறம் சுப்பர், அன்ரி. ஆனா இதுக்குள்ள நான் மூட்டை மாதிரி இருக்கிறன். இடுப்புத் தெரிய வேணும். எல்லாரும் படம் எடுப்பினம்.”

இடுப்புத் தெரிய வைப்பது எனக்குப் புதிய வேலை இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றேகால் அங்குலம் பிடித்தேன். உள்ளே இடுப்பைச் சுற்றி இலாஸ்டிக் வைத்த ஒரு குட்டைப் பாவாடை போல ஏதோ இருந்தது. அதுதான் வயிற்றைப் பருமனாகக் காட்டியது. பிரித்து எடுத்தேன். இடது கையின் உட்புறத்தில், துணிக்குள் வைத்துத் தைத்தபடி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தட்டையான தகடு தட்டுப்பட்டது. களவைத் தடுக்கக் கடைகளில் வைக்கிற செக்யூரிட்டி டாக், கடைக்காரர் கழற்ற மறந்தது என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹவுன்ஸ்லோவில் இருந்த காலத்தில் ஒரு துணிக்கடையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். உடுப்புக்குள் தைத்திருக்கும் டாக்கைக் கழற்றினால், திரும்பப் பயன்படாதபடி அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டவேண்டும். அங்கே மேற்பார்வையாளர் வைத்த விதி அது. கடையை விட்டுப் பதினைந்து வருடமாகியும் கை அதை மறக்கவில்லை. எடுத்தேன், இரண்டாக வெட்டினேன், உறைக்குள் போட்டேன். கொப்பியில், ‘உள்பாவாடை நீக்கம். டாக் நீக்கம். இடுப்பு நன்றாக அமைந்தது’ என்று எழுதினேன்.

வியாழன் மூன்றரைக்கு என் கணவரின் தம்பி வந்தார். வீட்டைச் சூடாக்குகிற எங்கள் பொய்லர் இரண்டு நாளாகச் சத்தம் போட்டது, அவர் அந்த வேலை செய்கிறவர். லண்டனுக்கு வரும் முன் பதினாறு வருடம் சுவிஸில் இருந்தார். அதில் பாதி, பனிச்சறுக்குக்கு ஆட்கள் வருகிற ஒரு மலைக் கிராமத்தில், ஹோட்டல் சமையலறையில். பொய்லரைப் பார்த்து முடித்துத் தேநீருக்கு முன்னறைக்கு வந்தவர், ஜக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன அண்ணி, மலைக்கும் பிளவுஸ் தைச்சு அனுப்பிறியளோ?”

நானும் சிரித்தேன். வேலையைக் காட்டினேன். உள்பாவாடை எங்கே என்று கேட்டார். உறையை எடுத்து மேசையில் கொட்டினேன். பாவாடைத் துணியோடு தகட்டின் இரண்டு பாதிகளும் விழுந்தன. அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பாதியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“இதை ஆர் வெட்டினது?”

நான்தான் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பனி சரிந்து ஆள் புதைந்தால், தேடுகிறவர்கள் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு மேலே நடப்பார்களாம். அது அனுப்புகிற அலையை இந்தத் தகடு திருப்பி அனுப்பும். ஆள் கிடக்கிற இடம் அப்படித்தான் தெரியும். அவர் வேலை செய்த கிராமத்தில் ஒருநாள் இரண்டு பேர் சேர்ந்து புதைந்தார்கள்.

“ஒராளின்ரை உடுப்பிலை இது இருந்தது. உயிரோடை எடுத்தவை. மற்றாளைச் சித்திரை மாசம் பனி உருகினாப் பிறகுதான் கண்டது, அண்ணி.”

உட்கார்ந்துவிட்டேன். வெளியே பேருந்து நின்று போகிற சத்தம் கேட்டது. கொப்பி திறந்தபடி கிடந்தது. ‘டாக் நீக்கம்’ என்பது என் கையெழுத்து, கோணல் இல்லாமல், கோட்டின்மேல்.

அவர் மற்றதையும் சொன்னார். விழுந்தால் ஜக்கெட்டுக்குக் கீழால் பனி உள்ளே போகும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பாவாடை. நான் பிடித்த தையலில் ஊசி போன ஒவ்வொரு ஓட்டையாலும் ஈரம் இறங்கும். தொளதொளப்பு, உள்ளே இன்னொரு உடுப்புப் போடுவதற்கு. நிறம்கூட, வெள்ளைக்குள் ஆளைத் தூரத்திலிருந்து காண்பதற்கு. நான் கைவைத்த பிறகு அந்த உடுப்பில் மிஞ்சியிருந்த பாதுகாப்பு அந்த நிறம் ஒன்றுதான். அதை அவள் தேர்ந்தது படத்துக்காக.

நாலரைக்குத் தையலைப் பிரிக்கத் தொடங்கினேன். ஐந்தே முக்காலுக்குள் இடுப்பைப் பழையபடி தளர்த்தி, பாவாடையைப் பழைய இடத்தில் வைத்துத் தைத்தேன். தகட்டுக்கு என்னால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. தம்பி மலைச் சாமான் விற்கிற கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தார். நான்காவது கடையில், தனியாக உடுப்பில் பொருத்துகிற தகடு ஒன்று இருக்கிறது, ஓட்டைகளை உள்ளிருந்து அடைக்க ஒட்டுகிற நாடாவும் இருக்கிறது, காலையில் கடை திறந்ததும் வந்தால் தருகிறோம் என்றார்கள்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். போட்டுப் பார்த்தாள். முகம் வாடியது, திங்கட்கிழமை இருந்ததுபோலவே இருக்கிறதே என்றாள். நான் இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டி, செய்ததை முழுவதும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“பரவாயில்லை, அன்ரி. நாங்க சின்னச் சரிவிலைதான் பழகப் போறம். அங்க ஒண்டும் நடக்காது. நீங்க இடுப்பைத் திரும்பப் பிடிச்சுத் தாங்கோவன்.”

நான் வெட்டிய தகடு எதற்கென்று அறிந்தபோது வந்த அதிர்ச்சிக்கு இது குறைந்ததில்லை. தம்பிதான், என்னிடம் சொன்ன அதே குரலில், சித்திரை மாதத்துக் கதையை அவளுக்கும் சொன்னார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். இடது கையின் உட்புறத்தை, நான் பிரித்த இடத்தை, விரலால் தடவிப் பார்த்தாள்.

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. என்னைப் போக விடமாட்டா.” பிறகு ஜக்கெட்டைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். “நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்து எடுக்கிறன், அன்ரி. மூட்டையாவே இருக்கட்டும்.”

மறுநாள் காலை இயந்திரத்தின் உறையை நான் எடுக்கவில்லை. தேநீரும் வைக்கவில்லை. எட்டு நாற்பதுக்கு, அந்த மலைச் சாமான் கடை திறக்க இருபது நிமிடம் இருக்கும்போது, அதன் கதவுக்கு முன்னால் நின்றேன். பொத்தானுக்கு மாதிரி கொண்டுபோவதுபோல, நாற்பத்தோராம் எண் உறைக்குள் அந்த இரண்டு பாதிகளையும் கொண்டுபோயிருந்தேன்.