அட்டையில் இல்லாத கேள்வி

மின்சாரப் புகார் மையத்தில் ஒன்பது வருடமாக ஃபோன் எடுத்துக்கொண்டிருந்த அவளுக்குக் கணவன் வைத்த பெயர் ரேடியோ. போட்டால் பேசும், அணைத்தால் நிற்கும், நாம் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாது என்று விளக்கமும் கொடுப்பான். வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் வேலையே அப்படி. திரையில் வருகிற வரியை வந்தபடி வாசிக்க வேண்டும். ‘தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்பதை ‘அய்யோ பாவம்’ என்று சொல்லிவிட்டால், பதிவைப் போட்டுக் கேட்கிற மேற்பார்வையாளர் மதிப்பெண்ணில் கை வைப்பார். ஒருமுறை ஒரு பெரியவர் இருட்டில் மாத்திரை தேடுவதாகச் சொன்னபோது, “ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்க தாத்தா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் மறுபயிற்சி. அதன் பிறகு எழுத்தில் இல்லாத ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

வேலையை விட்டுப்போன ஒரு தோழி மேசையைக் காலி செய்தபோது கொடுத்ததுதான் அந்த விளையாட்டுப் பெட்டி. மூடியில் கோபுரமும் நெருப்புக் கக்கும் பறக்கும் நாகமும். உள்ளே நிலவறை அறைகள் வரைந்த பலகைகள், கட்டைவிரல் உயரப் பொம்மைகள், பூதங்களின் விவரம் எழுதிய அட்டைகள், பகடை, விதிப்புத்தகம், பத்து சாகசங்கள் கொண்ட புத்தகம்.

“இது பாலபாடம்தான். பழகிட்டா புத்தகமே இல்லாம ஆடலாம். ஒருத்தர் கதைய நடத்துவாங்க, மத்தவங்க என்ன பண்றோம்னு சொல்வாங்க. அவ்வளவுதான்” என்றாள் தோழி.

“புத்தகம் இல்லன்னா நான் எதைப் படிக்கறது?” என்று கேட்டாள் ரேடியோ. விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது அண்ணிக்காக. அண்ணி, கணவனின் அக்கா, அறுவைச் சிகிச்சை வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்ஸ். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் இரண்டு டிஸ்க் நழுவி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி வீட்டுக்கு வந்து ஆறு மாதம். ஓர அறைக் கதவு சாத்தியே இருக்கும். சாப்பாடு உள்ளே போகும், தட்டு வெளியே வரும், பேச்சு வராது.

முதல் ஞாயிறு மதியம் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். கணவன் வில்லாளி. அண்ணி கோடரிக் குள்ளன். நிலவறையை நடத்துகிறவள் ரேடியோ. நிலவறையின் முதல் கதவு திறந்ததும் அலுவலகக் குரலில் கணீரென்று வாசித்தாள்: “வலது மூலையில் உள்ள கல்லை மிதித்தால் பள்ளம் திறக்கும். இதை வீரர்களிடம் சொல்ல வேண்டாம்.”

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அடியே, அதையும் சேர்த்தா படிப்பே?”

“எழுதியிருக்கே!”

“நாம அந்தப் பக்கம் போகாம இருந்தா சரி” என்றாள் அண்ணி. அவள் வாயோரம் லேசாக இழுத்தது. ஆறு மாதத்தில் அந்த வீடு பார்த்த முதல் சிரிப்பு அது.

அதன் பிறகு ஞாயிறு தவறவில்லை. ஒரு மணி அடித்தால் ஓர அறைக் கதவு தானாகத் திறக்கும். குள்ளன் சண்டையில் சூரன் இல்லை. ஆனால் வில்லாளிக்கு அடிபட்டால் முதல் ஆளாகப் போய்ப் பக்கத்தில் நிற்பான். திங்கள் முதல் சனி வரை மறுபடி கதவு சாத்திக்கொள்ளும். ஒன்பது சாகசம் முடிந்தபோது ரேடியோ புத்தகத்தில் மிச்சமிருந்த பக்கங்களை எண்ணினாள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் அண்ணி வெளியே வர என்ன காரணம் இருக்கிறது?

பத்தாவது சாகசத்தில் கடைசிக் கதவை மறித்துக்கொண்டு ஒரு காவல் பூதம். ரேடியோ அட்டையை வாசித்தாள். “இடது காலில் பழைய காயம். ஒரு கட்டம் மட்டுமே நகரும். உயிர்ப்புள்ளி ஆறு.”

“பழசுன்னா எவ்வளவு நாள்?” என்றாள் அண்ணி.

“அது போடல அண்ணி.”

“சீழ் இருக்கா?”

“அக்கா, அது பூதம். வெட்டினா கதவு திறக்கும்” என்றான் கணவன்.

“உன்னக் கேட்டேனாடா? ஏம்மா, நான் அதுக்குக் கட்டுப் போடறேன்னா முடியுமா?”

ரேடியோ விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். வெட்டலாம், எய்யலாம், ஓடலாம், பெட்டியைத் திறக்கலாம். அவ்வளவுதான். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் வாய் பழகிய பாதையில் ஓடிவிட்டது: “மன்னிக்கவும், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.”

அண்ணி குள்ளனைப் பலகையில் படுக்க வைத்தாள். “முதுகு வலிக்குது” என்று எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அந்த வாரம் தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பின. ரேடியோ தன்னையே நொந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு மணி ஒன்றைத் தாண்டியும் கதவு திறக்கவில்லை. தட்டினாள்.

“நீங்களே வெட்டிடுங்கம்மா. முடிவு தெரிஞ்ச ஆட்டம்தானே?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ரேடியோ பலகையைப் பொம்மைகள் சரியாமல் ஏந்திக்கொண்டு உள்ளே போய்க் கட்டில் மேல் வைத்தாள். பின்னாலேயே கணவன் முக்காலியோடு வந்தான். அவள் சாகசப் புத்தகத்தை மூடி அவன் கையில் கொடுத்தாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“கதவு பக்கத்துல பூதம்...” என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். அடுத்த வரி எங்கேயும் இல்லை. மையத்தில் பத்து விநாடி மௌனம் என்றாலே குற்றம். இங்கே அரை நிமிடம் போயிருக்கும். “பூதம் உக்காந்திருக்கு. காலை நீட்டி வெச்சிருக்கு. கந்தல் துணியச் சுத்தியிருக்கு. அது... ஒட்டிக்கிட்டிருக்கு, புண்ணோட. ஈ மொய்க்குது.” அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க என்ன பண்றீங்க அண்ணி?”

அண்ணி சுவரைப் பார்த்திருந்தாள்.

“ஒட்டின துணிய இழுக்கக் கூடாது. சதையோட வரும்.” மெல்லத் திரும்பினாள். “தண்ணி இருக்கா அங்க?”

ரேடியோ அட்டையைத் தேடிப் போன கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “இருக்கு. சுவர்ல கசியுது.”

“காய்ச்சணும். டேய், உன் தலைக்கவசத்தக் கழட்டு.”

“அக்கா, நான் வில்லாளி!”

“வில்லாளி தலைக்கவசத்துல தண்ணி காயாதா? கழட்டு.”

அண்ணி வாயாலேயே தண்ணீர் காய்ச்சினாள், துணியை நனைத்து ஊற வைத்தாள், பூதத்திடம் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். ரேடியோ பகடையை எடுத்தாள். “நாலுக்கு மேல விழுந்தா உங்கள நம்பும்” என்றாள். எந்தப் பக்கத்திலும் இல்லாத விதி அது.

விழுந்தது இரண்டு.

ஆறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். “நம்பல அண்ணி. உதைச்சிடுச்சு. உங்களுக்கு ரெண்டு புள்ளி போச்சு” என்றாள். மறுபடி படுக்க வைத்துவிடுவாளோ என்று, குள்ளன் பக்கமாக நீண்ட அண்ணியின் கையைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அண்ணி குள்ளனை எடுத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூதத்துக்கு இன்னும் பக்கத்தில், மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி வைத்தாள்.

“உதைக்காத நோயாளிய இருபத்திரண்டு வருஷத்துல நான் பாத்ததில்ல. டேய், நீ அது தோளைப் பிடி. பிடின்னா அமுக்காத, பேச்சுக் குடு.”

“பூதத்துகிட்ட என்னக்கா பேசறது?”

“என்னமோ பேசு. சாப்பிட்டியான்னு கேளு.”

கணவன் பூதத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான். “என்னப்பா... சாப்பாடு ஆச்சா?”

ரேடியோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமினாள்: “மூணு நாளாச்சு.”

“பாத்தியா!” என்றாள் அண்ணி.

கட்டு பாதி போட்டிருக்கும்போதே ரேடியோவுக்கு டியூட்டி நேரம் நெருங்கிவிட்டது. எழ மனமில்லாமல் எழுந்தாள். பூதம் மறித்த கதவு இன்னும் திறக்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

“நாளைக்கு உனக்கு எந்த ஷிஃப்ட்?” என்று அண்ணி கேட்டாள்.

“மதியம்தான் அண்ணி.”

“அப்ப காலையிலேயே உக்காந்துடலாம், ஹால்ல. இந்த ரூம்ல வெளிச்சம் பத்தல, புண்ணே தெரிய மாட்டேங்குது.”