தராசக்காவின் மெஷின்

ஆஸ்பத்திரி லேபில் அவளை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கை அவ்வளவு நிதானம், வாய் அவ்வளவு கறார். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்களின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். அதுவரை தூங்கிக்கிடந்த வைரஸ் அப்போது எழுந்து உட்காரும். அளவு ஒரு கோட்டைத் தாண்டினால் மருந்து, தாண்டாவிட்டால் காத்திருக்கலாம். அந்த மருந்தும் லேசுப்பட்டதல்ல.

அவள் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்ததே அவள்தான். அவன் ரத்தத்தையும் அவளே அளந்துவந்தாள். வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனவன், அங்கே மருந்துக்கடை மாடியில் இருந்த லேபில் ரத்தம் கொடுத்தான். அளவு மும்மடங்காக வந்தது.

“அக்கா, டாக்டர் மருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றார்.”

“மாடி லேப் சொல்றதை நம்பறியா? அவங்க மெஷின் ஏத்திக் காட்டும். என்கிட்ட போன மாசம் கம்மியாத்தானே இருந்துச்சு? பொறு, நான் பாத்துச் சொல்றேன்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தம்பிக்கோ அக்கா சொன்னால் வேதவாக்கு. டாக்டர் அரை மனதாகச் சில நாள் பொறுத்தார்.

தராசக்கா மாடி லேபுக்குப் போன் போட்டுச் சண்டைக்கு நின்றாள். அங்கே எடுத்த பெண் கோபிக்கவில்லை.

“எதுக்குங்க சண்டை? எல்லா லேபுக்கும் பொதுவா, எவ்வளவு வைரஸ் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணு கிடைக்குது. ரெண்டு பேரும் அதையே ஓட்டிப் பாப்போம்.”

தராசுக்கு எடைக்கல் மாதிரிதான் அது. வந்ததும் ஓட்டினாள். இருக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டியது. மறுபடி ஓட்டினாள், அதே மூன்றில் ஒன்று. மாடி லேபில் சரியாக வந்திருந்தது.

மெஷின் வந்த நாள் முதல் இன்றைய அளவை நேற்றைய அளவோடுதான் அவள் ஒத்துப்பார்த்திருந்தாள். வெளியிலிருந்து ஓர் எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்ததே இல்லை. தினமும் ஒரே மாதிரி தப்பாகச் சொல்கிற தராசு நேர்மையானதாகத்தான் தோன்றும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அதன் முதுகில் இருந்தவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

“தம்பி, தப்பு என் மேல. இன்னைக்கே மருந்தை ஆரம்பி.”

“சரிக்கா. அழறியா?”

“இல்லடா.” அழுதுகொண்டுதான் சொன்னாள்.

“கவலைப்படாதே. கிட்னி உன்னோடது, பிடிவாதம் புடிச்சது. லேசுல விடாது.”

போனை வைத்த பிறகுதான் மற்றது உறைத்தது. தம்பிக்கு மாற்றல் வந்தது, தப்பித்தான். இதே மெஷின் பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே. நேரே பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. எல்லோரையும் உடனே வரச் சொல்லச் சொன்னார்.

முதல் வீட்டில் நோயாளியின் மனைவி எடுத்தாள்.

“நீங்கதானேம்மா எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க? அன்னையிலிருந்துதான் அவர் நிம்மதியாத் தூங்கறார். இப்பவும் தூங்கறார்.”



“எழுப்புங்கம்மா,” என்றாள் தராசக்கா.