மேலே ஒரு சிட்டிகை

போன வாரம் பேரக் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கப் போய் மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டப்பாவில் கிடந்த கரண்டியால் அள்ளி, மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டேன். "தட்டாதீங்க மாமா, மட்டமா வழிச்சா போதும்" என்றாள். இதே வார்த்தையை எழுபதுகளின் கடைசியில் இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். அப்போது என் கையில் இருந்தது வெடிமருந்து.

அதற்கு முன் ஆரணியில் ஒரு பட்டுக் கடையில், நெசவுக்காரர்களுக்குப் பட்டுநூல் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டு அவர்கள் பக்கம் ஒரு இழை தாழ்ந்தால் அவர்கள் முகம் மலரும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, ஊரில் மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்தத் தராசு. நான் கூட்டி நிறுப்பதை முதலாளி கவனித்த அன்றைக்கு வேலை போயிற்று. ஒரு வாரம் பேருந்து நிலையத்தில் படுத்தேன். பிறகு சந்தவாசல் பக்கம், மலையடிவாரத்தில் வேர்க்கடலை போட்டிருந்த கண்ணம்மா அக்காவிடம் காவலுக்குச் சேர்ந்தேன்.

அக்காவுக்குப் பன்றித் தொல்லை. கணவர் இறந்த பிறகு துப்பாக்கி லைசென்சைத் தன் பேருக்கு மாற்றி வாங்கியிருந்தார். பழைய ஒற்றைக் குழல் ரைஃபிள். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை எறியமாட்டார். மருந்து நிரப்பி மறுபடி சுடுவார். மருந்து, மிளகை ஒன்றிரண்டாக இடித்த மாதிரி கரகரவென்று இருக்கும். பழைய கூடு ஒன்றை அளவாக அறுத்து, கம்பிப் பிடி வைத்ததுதான் அளவுக் கிண்ணம். அள்ளி, கல்யாணப் பத்திரிகை அட்டையால் மேலே வழிக்க வேண்டும்.

"தட்டாத. பெருமணி மருந்து, தட்டனா எறங்கும். எறங்கனா மேல எடம் இருக்கும். அந்த எடத்துல உன் புத்தி போயி குந்திக்கும்."

"நான் பட்டே நிறுத்தவன்கா" என்றேன்.

"அதான் பயமா கீது."

அன்று பத்துத் தோட்டா நிரப்பினேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். கிண்ணத்தைத் தட்டினேன். வழித்த பிறகு மேலே ஒரு சிட்டிகை கொசுறும் போட்டேன். நல்ல மனிதர், சோறு போடுகிறார், குறைத்துக் கொடுக்கலாமா? இப்படித்தான் என் மூளை அப்போது வேலை செய்தது. இப்போதும் பெரிய முன்னேற்றமில்லை.

விடியலில் பன்றிகள் வந்தன. அக்கா சுட்டார். அக்கா ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம் வரப்பில் விழுந்தார்கள். பன்றிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மிரண்டு ஓடி, மேட்டில் நின்று எங்களைப் பார்த்தன. அக்கா வலது தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மருந்து கெட்டுப்போச்சோ இன்னாவோ" என்றார்.

"ஆமாங்கா, கடைக்காரனை நம்ப முடியாது" என்றேன். சொன்னால் வேலை போகும். திரும்பவும் பேருந்து நிலையம். ஆனால் அக்கா விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலில் போடப் போனார்.

"யக்கா, வேணாங்கா! நான்தான் மேல கொஞ்சம் போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். "எத்தினில?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயுமா? அடப்பாவி, ஒண்ணுல கூட வஞ்சன பண்லியா நீ?"

வெயில் ஏறும்வரை ஒன்பது தோட்டாக்களையும் பிரித்துத் திரும்ப அளந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் "தட்டாத" என்றார். அதற்குள் பன்றிகள் மேட்டிலிருந்து இறங்கி, கால் ஏக்கர் கடலையைச் சாவகாசமாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போயின.

என்னைப் போகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அங்கே இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தேன். அவர் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கி நான் பார்க்கவேயில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து தலை பின்னிவிடுவாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கிண்டல் செய்வார் என்று தள்ளிப்போட்டேன். பிறகு செய்யார் பக்கம் வேறு வேலை, அப்புறம் வேறு ஊர்.

கேட்டுவிடலாம் என்று ஒரு தடவை போனபோது காலம் கடந்திருந்தது. கடலைக் காட்டில் மஞ்சள் பூசிய மனைக் கற்கள். வீடு இருந்த இடம் மட்டமாகக் கிடந்தது. அக்கா இறந்த வருடம் துப்பாக்கியைத் தானே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தாராம். டீக்கடையில் ஒருவர் சொன்னார். எந்தக் கையால் தூக்கிக் கொடுத்தார் என்று கேட்க வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.